ஸ்க்ரூவை எடுக்கச் சொன்னவர்

தருமபுரியில் ஒரு பல் மருத்துவமனையில் நான் உதவியாளராக இருந்தபோது, ஏரியூர்ப் பக்கத்து அங்கன்வாடி ஊழியர் ஒருவர் மாதாமாதம் வருவார். ஒல்லியான பெண். சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். துருத்திய முன்பற்களை உள்ளே இழுக்கக் கம்பி போட்டு, அதற்குப் பிடிமானமாக மேல் ஈறில் இரண்டு பக்கமும் சிறு ஸ்க்ரூ பதித்திருந்தோம். பல் நகர்ந்ததும் கழற்றிவிடுவோம்.

ஒருநாள் இடது கன்னம் வீங்கி வந்தார். உள்ளே, ஸ்க்ரூ குத்திச் சதை கிழிந்திருந்தது.

"எங்கியாச்சும் விழுந்தீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"வூட்டுக்காரரு அறைஞ்சிட்டாருங்க. இத எடுத்துடுங்க மேடம். அறையும்போதெல்லாம் கிழிக்குது."

"அடிக்கிறத நிறுத்த வேண்டாமாம்மா? போலீசுல சொல்லலாம், நாங்க கூட வர்றோம்."

"உங்களால இதத்தாங்க எடுக்க முடியும்."

டாக்டரம்மா எவ்வளவோ பேசிப் பார்த்தார். அந்தப் பெண் அசையவில்லை. இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றினோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப பரவால்லீங்க" என்றார்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. போன் செய்தேன். ஓர் ஆண்குரல் "யாரு?" என்றது. பேசாமல் வைத்துவிட்டேன். அப்போது நான் பயந்தது அவருக்காகவா, எனக்காகவா என்று இன்றுவரை தெரியவில்லை.