பின்பக்கம் பார்த்து வாங்கிய வேக்குவம்

மகோகனியைச் சீவினால் சுருள் விழும். தேய்த்தால் மாவு பறக்கும். சுருளைக் கூட்டி அள்ளி அடுப்புக்குக் கொடுத்துவிடலாம். மாவு அப்படியில்லை. அது கண்ணிமையில் இருக்கும், தேத்தண்ணியின் மேல் மிதக்கும், மடித்து வைத்த சட்டைக்குள்ளேயும் போயிருக்கும். பிள்ளைகளே, அந்த மாவினால் நாம் குடியிருந்த இடத்தையே விட்டுப் போக வேண்டி வரப் பார்த்தது. அப்போது உங்களில் மூத்தவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். மற்ற இருவரும் பிறக்கவில்லை. அதனால் நான்தான் எழுதி வைக்க வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

அலுவிகாரையில் பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் அந்த வீடு. வீட்டுக்காரர்கள் முஸ்லிம் ஆட்கள். அவர்களை நானும் உங்கள் அம்மாவும் அண்ணன், அக்கா முறையில் நானா, ராத்தா என்றுதான் கூப்பிட்டோம். நானா துணி வியாபாரத்துக்காக ஊர் ஊராகப் போய்விடுவார். வீட்டையும் தோட்டத்தையும் நடத்தியது ராத்தாதான். வீட்டின் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதோடு ஒட்டிய ஓர் அறை. கொட்டகை என் பட்டறை. அறை நம் வீடு.

அது சும்மா கிடைத்த இடமில்லை. இரத்தோட்டைக்கு மேலே தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த எனக்கு டவுன் பக்கம் இடம் தேடுவது லேசான காரியமாக இருக்கவில்லை. யுத்தம் நடந்த காலம். என் தமிழ்ப் பெயரைச் சொன்னதுமே, பொலிஸில் பதிய வேண்டும், வீண் கரைச்சல் என்று நல்ல மனிதர்கள்கூடக் கதவைச் சாத்தினார்கள். ராத்தாதான் நானாவை என்னோடு பொலிசுக்கு அனுப்பிப் பதிய வைத்து, சாவியைக் கையில் தந்தவர்.

கொட்டகைக்கு முன்னால் சீமெந்து போட்ட முற்றம். வெயில் நன்றாக விழும். ராத்தா அங்கேதான் பாய் விரித்து மிளகும் வசவாசியும் காய வைப்பார். சாதிக்காயின் மேல் சிவப்பு வலை மாதிரி ஒட்டியிருக்குமே, அதுதான் வசவாசி. காயக் காயச் சிவப்பு மாறி மஞ்சளாகும். நல்ல விலை போகிற சாமான். ஆனால் மடிப்பு மடிப்பாக இருக்கும், லேசாக எண்ணெய்ப் பிசுக்கும் உண்டு. அதில் தூசி விழுந்தால் விழுந்ததுதான்.

நான் கையால் வேலை செய்தவரைக்கும் தொந்தரவு இருக்கவில்லை. கட்டில், அலுமாரி என்று வேலை கூடியதும் கரண்டில் தேய்க்கிற சேண்டர் ஒன்று வாங்கினேன். அரை நாள் தேய்ப்பு ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. எனக்கோ சந்தோஷம். கொட்டகைக்குள் பார்த்தால் ரிவர்ஸ்டன் மலையில் மூடுபனி இறங்கின மாதிரி, ஆளுக்கு ஆள் தெரியாது. காற்று அடித்தால் அவ்வளவும் முற்றத்துக்குப் போகும். ராத்தா பாயை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளிப் போட்டார்.

அந்தப் பாய் தள்ளிப் போவதைப் பார்த்துத்தான் தூசியை உறிஞ்சி இழுக்கிற வேக்குவம் மெஷின் ஒன்று வாங்க நினைத்தேன். இரத்தோட்டையில் ஒருவர் தோட்டத்துத் துரை பங்களாவில் கழித்த சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அதில் ஒரு வேக்குவம் இருந்தது, பங்களாவில் கார்ப்பெட் சுத்தம் செய்ய வைத்திருந்தது. துரை வைத்திருந்தது என்றால் சாதாரணமாகவா இருக்கும் என்று தூக்கிக்கொண்டு வந்தேன். சேண்டரோடு சேர்த்துக் கட்டி, சுவிட்சைப் போட்டேன். விமானம் இறங்குகிற சத்தம். ஆனால் கொட்டகைக்குள் தூசி இல்லை! உங்கள் அம்மாவைக் கூப்பிட்டு, மேசையில் விரலை வைத்துத் தேய்த்துக் காட்டினேன். அவளும் மெச்சினாள். சத்தம் தாங்காமல் அதை வாசலுக்கு வெளியே வைத்து, குழாயை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு, அந்தக் கிழமை முழுக்க ஓர் அலுமாரியைத் தேய்த்தேன்.

கார்ப்பெட்டில் விழுகிறது முடியும் மண்ணும். அதைப் பிடிக்கிற துணிப்பைதான் அதற்குள் இருந்தது. மர மாவு அதைவிட நைஸ். முன்னால் இழுத்ததை எல்லாம் அது பின்னால் புகையாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதன் பின்பக்கம் பார்த்தது முற்றத்தை.

வசவாசி எடுக்கிற ஏவாரி மாத்தளை டவுனிலிருந்து வந்தார். ஒரு பிடி அள்ளினார், உள்ளங்கையில் வைத்துத் தட்டினார். கையில் ரோசாப் பவுடர் பூசின மாதிரி மகோகனி மாவு. சாக்கைக் கட்டக்கூட இல்லை. அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் ராத்தா கொட்டகை வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தம்பி, மிளகுன்னா பொடைச்சுக் குடுத்துருவேன். வசவாசிய என்ன செய்ய? கழுவ ஏலுமா?"

நான் சேண்டரைக் கீழே வைத்தேன்.

"எனக்குச் சொல்ல மனசில்ல. ஆனாலும் சொல்லத்தானே வேணும். அடுத்த காய் விழ முன்னுக்கு இந்தத் தூச அடக்குங்க. ஏலாட்டி வேற எடம் பாத்துக்கோங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் கண் கலங்கச் சொன்னார். ராத்திரி உங்கள் அம்மாவிடம், ஆகட்டும், லயத்துக்கே போய்விடலாம், அங்கேயும் மரவேலை இருக்கிறதுதானே என்றேன். அவள் மூத்தவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "லயத்துக்குப் போறதுன்னா நான் ஒண்ணும் அழமாட்டேன். ஆனா அங்க கரண்ட் ஏது ஒங்க மெஷினுக்கு?" என்றாள். அவள் அப்படித்தான். அழுதுவிட்டால்கூட நமக்கு லேசாக இருக்கும்.

கையில் இருந்ததை எல்லாம் சேர்த்துக்கொண்டு, கண்டிக்குப் போய்ப் புது வேக்குவம் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். ராத்தாவிடம் சொன்னபோது, அவர் தானும் வருவதாகச் சொல்லிவிட்டார். நான் தனியாக வாங்கி வந்த லட்சணத்தை ஒருமுறை பார்த்தாயிற்றாம். பஸ்ஸில் அவர் முன்னால், நான் பின்னால். என் பையில் ஒரு பால்மா டின் நிறைய மகோகனி மாவு. அவர் பையில் நானாவின் வெள்ளைக் கைக்குட்டைகள், இஸ்திரி போட்டு மடித்தவை. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கடை முதலாளி தமிழ் ஆள், சிரித்த முகம். நேராகப் பெரிய ஒரு சிவப்பு மெஷினிடம் கூட்டிப் போனார். பெரிய மோட்டர் என்றார். குழாயை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் ஒட்டவைத்து, கதிரையை அப்படியே மேலே தூக்கினார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"கதிர தூக்கவா தம்பி வந்தீங்க?" என்றார் ராத்தா.

நான் மாவு டின்னை வெளியே எடுத்தேன். முதலாளி மெஷினை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார். "அண்ணே, அழுக்கான மெஷின நான் யார் தலையில கட்டுறது?"

"மாப்பிள்ளையப் பாக்காமப் பொண்ணு குடுக்கிற ஊரா ஒங்கட ஊரு?" என்று கேட்டார் ராத்தா.

முதலாளிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சரி, பின்பக்கம் கொண்டு போய்ப் பாருங்கள் என்று விட்டுவிட்டார். பின் விறாந்தையில் கடதாசி விரித்து மாவைக் கொட்டினேன். மெஷின் போட்டது தெரியவில்லை, மாவைக் காணோம். நான் ராத்தாவைப் பெருமையோடு பார்த்தேன். அவர் முன்பக்கத்தில் இல்லை. பின்னால் குனிந்து, காற்று வெளியே வருகிற இடத்தில் நானாவின் கைக்குட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அதன் நடுவில் ஒரு ரோசா வட்டம்.

கொஞ்சந்தானே என்று முதலாளி சொன்னார். ராத்தா கைக்குட்டையை என் பக்கம் நீட்டினார்.

இன்னும் நாலைந்து பார்த்தோம். கடைசியில் ராக்கைக்குக் கீழே ஒரு சாம்பல் நிறச் சின்ன டிரம். பக்கத்தில் நசுங்கல் வேறு. மூடியைத் திறந்தால் உள்ளே ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடித்த கடதாசி ஃபில்டர், அதற்கு முன்னால் தனியாக ஒரு பை. இழுவை குறைவு, அதே மாவை எடுக்க இரண்டு பங்கு நேரம் எடுத்தது. புதுக் கைக்குட்டையில் ஒன்றுமே இல்லை. மடித்து எடுத்துக்கொண்டு பள்ளிக்குத் தொழப் போகலாம், அவ்வளவு வெள்ளை.

உண்மையைச் சொன்னால் என் மனது சிவப்பிலேயே இருந்தது. பெரிய பலகைக்குப் பெரிய மெஷின் வேண்டாமா? அதன் துணிப்பை கழுவிக் கழுவிப் பாவிக்கலாம். சின்னதின் ஃபில்டர் அடைத்தால் புதிது போட வேண்டும், அது எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்று முதலாளியே நேர்மையாகச் சொன்னார். எல்லாருக்கும் பிளேன்டீயும் வந்தது. நான் அங்கேயும் இங்கேயும் நடந்தேன்.

"மெஷின் ஒங்கட, சல்லி ஒங்கட. வசவாசி மட்டுந்தான் என்ட. நீங்களே எடுங்க" என்று ராத்தா தேத்தண்ணியை ஊதினார்.

நான் இரண்டு கைக்குட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் வாங்க வந்தது இழுவையை இல்லை. பின்னால் வருகிற சுத்தமான காற்றைத்தான் வாங்க வந்திருக்கிறேன். சின்னதைக் கட்டச் சொன்னேன், கடையில் இருந்த மேலதிக ஃபில்டர்களையும் சேர்த்து.

வரும் வழியில் செக்பொயிண்ட். எல்லாரையும் இறக்கினார்கள். பெட்டிக்குள் மோட்டரும் நீளக் குழாயும் இருந்தது சோதித்த ஆமிப் பையனுக்குப் பிடிக்கவில்லை. மூடியைக் கழற்றச் சொன்னான், ஃபில்டரை இழுத்து வெளியே எடுத்தான், என் அடையாள அட்டையைப் பார்த்தான். எங்கே குடியிருப்பு, எங்கே பதிவு என்று சிங்களத்தில் கேட்டான். எனக்கும் சிங்களம் நன்றாக வரும், ஆனால் அந்த நேரத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் தொடங்குவதற்குள் ராத்தா முன்னால் வந்து, இவர் எங்கள் வீட்டில் இருக்கிறவர், எங்கள் வீட்டு விலாசத்தில் பதிந்திருக்கிறது, இது என் வசவாசிக்குத் தூசி படாமல் இருக்க வாங்கினது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். பையன் ஃபில்டரை என் கையில் தந்தான். ரோட்டோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். பஸ்ஸில் ஆட்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அது கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இருக்கிறவர் என்று ராத்தா சொன்னதே காதில் நின்றது. அடுத்த மாதமும் அப்படிச் சொல்வாரா என்று இருந்தது.

வீட்டில் வைத்துப் பார்த்தால் குழாயின் வாய் பெரிது, சேண்டரின் வாய் சின்னது. சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி இரண்டையும் சேர்த்துக் கம்பியால் இறுக்கினேன். ஃபில்டர் சீக்கிரம் அடைத்தது. உங்கள் அம்மா பழைய வாயில் சேலையில் ஓர் உறை தைத்து அதன் மேல் மாட்டினாள். உறையை மட்டும் உதறினால் போதும், ஃபில்டர் தப்பும். தேய்க்கிற வேகத்தை நானும் குறைத்துக்கொண்டேன். மெஷின் மெதுவாக இழுத்தால் மனிதனும் மெதுவாகத் தேய்க்க வேண்டியதுதானே. பார்த்தால் வேலை முன்னைவிட வழுவழுப்பாக வந்தது.

காய் விழுந்தது. ராத்தா வசவாசியை முற்றத்தில் விரித்தார். அந்த நாட்களில் நான் அலுமாரிக் கதவுகள் தேய்த்தேன். தேய்ப்பதும், வெளியே எட்டிப் பார்ப்பதும், திரும்பத் தேய்ப்பதுமாக இருந்தேன். வேலையை நிறுத்திவைத்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நிறுத்தினால் மெஷின் நல்லதா இல்லையா என்று ராத்தாவுக்கு எப்படித் தெரியும்?

அதே ஏவாரி வந்தார். நான் சேண்டரை நிறுத்திவிட்டு வாசலில் நின்றேன். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தட்டினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். வேறு இடத்தில் காய வைத்தீர்களா என்று ராத்தாவிடம் கேட்டார்.

"அதே எடந்தான்" என்றார் ராத்தா.

ஏவாரி தராசை எடுத்தார்.

அவர் போன பிறகு ராத்தா கொட்டகைப் பக்கம் வந்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் உள்ளே வந்து, வேக்குவத்தைச் சுற்றிக்கொண்டு போய், கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"இந்த மூலத் தகரம் ஒழுகுதுதானே. மழ வர முன்னுக்கு மாத்திப் போடுங்க. தகரம் நானாக்கிட்டச் சொல்றேன், அடிக்கிற வேல ஒங்கட."

சரி ராத்தா என்றேன்.

தகரம் வந்த அன்றே ஏணி வைத்து ஏறினேன். உங்கள் அம்மா இடுப்பில் மூத்தவளோடு கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாள். நாலு ஆணி அடித்திருப்பேன்.

"எத்தன வருசம் தாங்குற மாதிரி அடிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"நீ ஆணியக் குடு" என்றேன்.