பூட்டிய வீட்டில் நடந்த பாடம்

கடையில் உட்கார்ந்தால் வாய் கூசாமல் பத்துப் பொய் சொல்வேன். கப்பல் கயிறு விற்பவன் பிழைப்பு அப்படி. இது அந்தப் பத்தில் சேராது. போன ஜூலையில், திருவொற்றியூரில், என் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது.

என் மகள் சிவந்திக்கு எட்டு வயது. லாரிப் புகையில் இளைப்பு வந்து பள்ளிக்கூடத்தை நிறுத்தினோம். "நானே வூட்ல சொல்லிக் குடுக்குறேன்" என்று மார்தட்டியவன் நான்தான். அதை நம்பி என் மனைவி நர்மதா அம்பத்தூருக்கு வேலைக்குப் போனாள்.

நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காலையில் ஏஐயிடம் அன்றைய பாடத்திட்டம் வாங்குவேன். டேப்லெட்டோடு சிவந்தியை உட்கார வைப்பேன். பத்து மணிக்கு வெளியே பூட்டிக்கொண்டு ராயபுரம் கடைக்குப் போய்விடுவேன். மூன்று மணிக்குத் திரும்பி, "இன்று நான் நடத்திய பாடத்தை அறிக்கையாக எழுது" என்று அதே ஏஐயிடம் கேட்பேன். நர்மதாவுக்குக் காட்டத்தான். அதுவும் சளைக்காமல் புளுகும். எனக்கேற்ற கூட்டாளி.

அந்தப் புதன்கிழமை அறிக்கை வேறு மாதிரி வந்தது.

"11:20 – குழந்தை கதவருகே அழுதாள்.
11:35 – மடியில் உட்கார வைத்தேன். அழுகை நின்றது.
12:10 – வகுத்தல் புரிந்துவிட்டது."

சிரித்தேன். கண்டதையும் கற்பனை செய்யும் இயந்திரம்தானே.

சிவந்தியின் நோட்டைத் திறந்தேன்... எட்டு வகுத்தல் கணக்கு. எட்டும் சரி. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் டிக்.

எங்கள் வீட்டில் சிவப்புப் பேனா கிடையாது.

"இன்னிக்கு அழுதியா கண்ணு?"

"ம்."

"யாரு கணக்கு சொல்லிக் குடுத்தா?"

"இன்னா நைனா... நீதானே!"

நான் வந்தபோது பூட்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒரு சாவி என் பையில். இன்னொன்று அம்பத்தூரில்.

மணி 3:25.

உள்ளறையில் நாற்காலி நகர்ந்தது. கிரீச்...

ஓடிப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

இரவு நர்மதா வந்ததும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பூட்டிவிட்டுப் போனதை. புளுகு அறிக்கையை. தலை நிமிரவே இல்லை.

அவள் சிரித்தாள்.

"யோவ், இன்னாத்துக்கு இந்த டிராமா? தெனமும் பதினொன்னரைக்கு டேப்ல வீடியோ கால் பண்றேன். நீ பக்கத்துல குந்திகினு சொல்லிக் குடுத்துகினு கீற. பேஜாரு பண்ண வேணாம்னு பேசாம கட் பண்ணிடுவேன்."

தன் போனை நீட்டினாள். அன்று காலை அழைப்பில் பிடித்த படம். 11:38.

என் முகம்.

நான் போட்டிருந்த அதே சட்டை.

மடியில் சிவந்தி.

அவளையே பார்த்துக்கொண்டிருந்தது அது... அவ்வளவு ஆசையாக.

நான் ஒருநாளும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.