ரிவர்ஸில் போன பால்வாடி ரயில்

போன வருஷம், பி.ஈ. முடித்துவிட்டு வேலை கிடைக்கும்வரை கொல்லிமலையில் அக்கா வீட்டில் டேரா போட்டிருந்தேன். அங்கே திண்ணனூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் அக்காதான் பால்வாடி டீச்சர். ஏழு மாசக் கர்ப்பம் வேறு. ஆயா லீவு என்பதால் சோறு போடுவது, மூக்கு துடைப்பது எல்லாம் அடியேன்தான்.

ஒருநாள் அக்காவின் போன் அடித்தது. எடுத்தது நான். நாலு நாள் புளியஞ்சோலையில் சொந்தக்காரர் வீட்டில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்த எங்கள் பால்வாடிக் குட்டிப் பாப்பாவின் அப்பா. சிக்னல் வழக்கம்போல விட்டு விட்டு வந்தது.

"ஏனுங்க... பாப்பா... அம்மா வந்திருக்குதுங்க. இந்த வாரம் அனுப்ப முடியாதுங்க..."

கட்.

பாப்பாவின் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். தீபாவளிக்குக்கூட வரவில்லை. செம நியூஸ் இல்லையா! அக்காவிடம் சொன்னேன். "பாவம், அது எத்தன நாளா ஏங்கிக் கெடந்துச்சு! வாடா, எல்லாரும் போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றாள்.

பக்கத்துத் தெருதான். பிள்ளைகள் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்து ரயில் விட்டார்கள். இன்ஜின் அக்கா, கார்டு நான். கூவிக்கொண்டே போனோம்.

அக்கா படலைத் திறக்கக் கை வைத்தாள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். நிலைப்படியில் கொத்துக் கொத்தாக வேப்பிலை.

அந்த அம்மா இல்லை. இது வேற அம்மா. அம்மை!

சின்ன வயசில் எனக்கு அம்மை போட்டபோதுகூட அக்காவுக்குப் போடவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இப்போது ஒட்டிக்கொண்டால் ஆபத்து.

"டீச்சர், உள்ள வந்துறாதீங்க!" என்று பாப்பாவின் அப்பா வாசலுக்குள்ளிருந்தே அலறினார்.

"ரயில் ரிவர்ஸ்!" என்று கத்தினேன். பிள்ளைகள் குஷியாகப் பின்பக்கமாகவே கூவிக்கொண்டு வந்தார்கள்.

"தம்பி, அம்மா வந்திருக்குதுன்னு தெளிவாத்தானுங்களே சொன்னேன்?"

"நான் திருப்பூர் அம்மான்னு நெனச்சுட்டேங்ணா!"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே இருந்து பாப்பாவின் குரல்: "டீச்சர், எனக்கு முட்ட?"

நர்ஸுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள் அக்கா. "உள்ள போகலைல்ல? பயப்படாதீங்க. காய்ச்சலோ கொப்புளமோ தெரிஞ்சா உடனே வந்துருங்க" என்றார். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு தட்டும்வரை பாப்பா வீட்டிலேயே இருக்கட்டும், மற்ற பிள்ளைகளைத் தினமும் கவனியுங்கள் என்றும் சொன்னார். ஏற்கெனவே அம்மை போட்ட ஆள் என்பதால் பாப்பாவின் பால்வாடி முட்டை டெலிவரி என் தலையில். படலுக்கு வெளியே வைத்துவிட்டு, "பார்சல்!" என்று கத்திவிட்டு வருவேன். வேறு யாருக்கும் வரவில்லை.

வேப்பிலை கட்டுவது சாமிக்கு மட்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்; என்னை மாதிரி அவசரக்குடுக்கைகளை வாசலிலேயே நிறுத்தவும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள் என்று, அப்புறம் நல்லபடியாகப் பிறந்த அக்கா மகளைத் தூக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.