ஈ வாங்கி வந்த டீச்சர்

லோகநாயகி டீச்சர் இறந்த செய்தி எனக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் வந்தது. புதுக்கோட்டையில் எங்கள் அப்பா வைத்திருக்கும் அச்சாபீஸில் நான் ஈய எழுத்துகளை எடுத்து அச்சுக்குக் கோக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்து, கருமாதிப் பத்திரிகை அடிக்க வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்தார். அப்பா அதைப் படிக்காமலே என் பக்கம் தள்ளினார். எழுத்துக் கோப்பவர்கள் ஒவ்வோர் எழுத்தாகத்தான் படிப்போம். முழுப் பெயரையும் கோத்து முடித்த பிறகுதான் அது யாருடைய பெயர் என்று எனக்கு உறைத்தது.

வந்தவர் டீச்சரின் அண்ணன். தாளில் 'ஹிந்தி ஆசிரியை' என்று எழுதி, முதல் சொல்லை அடித்திருந்தார். நான் அந்த இடத்தையே பார்ப்பதைக் கண்டு, "அது வேணாம்மா. ஆசிரியைன்னு மட்டும் போடு. நாலு பேரு வந்து போற எடம், எதுக்கு வம்பு?" என்றார். நான் தலையாட்டினேன். அப்படியே கோத்தேன்.

டீச்சரிடம் படித்தவர்கள் சேர்ந்து போடும் இந்தச் சிறு நினைவு மலரில் எழுத எனக்கு உரிமை இல்லை. நான் எட்டாவதோடு நின்றவள். அவர் வகுப்பில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. ஆனால் அவர் எழுதிய ஒரே புத்தகத்தை எழுத்தெழுத்தாகத் தொட்டவள் நான். அது ஏன் உங்கள் கைக்கு வந்து சேரவில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அறுபத்து நாலாம் வருஷம் ஆடி மாதம் மூன்று நோட்டுகளோடு அவர் வந்தார். முதல் நோட்டின் அட்டையில் 'பெண்களுக்கு ஹிந்தி' என்று இருந்தது. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஹிந்தி. அப்பா தமிழை மட்டும் வாசித்துக்கொண்டே போனார். நான் கடைக்குப் போகிறேன். நான் டிக்கெட் வாங்குகிறேன். நான் விலை கேட்கிறேன், வாங்கவில்லை. நான் கையெழுத்துப் போடுகிறேன்.

"என்னங்க டீச்சர், இந்தப் பொம்பளை வீட்டுலயே தங்க மாட்டா போல?" என்றார் அப்பா.

"வீட்டுல தங்குறதுக்கு ஹிந்தி எதுக்குங்க?" என்றார் டீச்சர்.

அந்தப் புத்தகத்தை எழுதியதற்கு ஒரு காரணம் இருந்தது. தமிழில் 'நான் வருகிறேன்' என்றால் சொல்வது ஆணா பெண்ணா என்று தெரியாது. ஹிந்தியில் தெரிந்துவிடும். ஆண் 'மைம் ஆதா ஹூம்' என்பான். பெண் 'மைம் ஆதீ ஹூம்' என்பாள். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த நாற்பத்தெட்டாம் வருஷம் டீச்சர் ஹிந்தி படிக்க ஆரம்பித்தபோது சொல்லிக்கொடுத்தவர் ஒரு பண்டிதர். கையில் இருந்த புத்தகங்களும் ஆண்கள் எழுதியவை. அவர்கள் சொன்னதை அப்படியே சொல்லிப் பழகியவர், மதராஸில் வாய்மொழித் தேர்வுக்குப் போய் நின்று, புதுக்கோட்டையிலிருந்து 'ஆதா ஹூம்' என்றாராம். தேர்வாளர் தமிழிலேயே, "வாங்க ஐயா! மீசைய ஊர்லயே வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்க, அறை முழுவதும் சிரித்ததாம். டீச்சர் இதை எங்களிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் காது நுனி சிவந்திருந்தது.

எங்கள் அச்சாபீஸில் ஹிந்தி எழுத்துகள் இரண்டு பெட்டி உண்டு. எனக்கு அந்த மொழி தெரியாது. மூத்த கம்பாசிட்டர் சுப்பையா அண்ணன் உருவத்தை வைத்து எடுக்கக் கற்றுத் தந்திருந்தார். இரண்டு பக்கம் கோப்பதற்குள் ஈகாரக் குறி தீர்ந்துபோனது. டீச்சர் புத்தகத்துப் பெண்கள் எல்லா வரியிலும் போனார்கள், வந்தார்கள், கேட்டார்கள். ஒவ்வொருத்திக்கும் ஓர் ஈ வேண்டியிருந்தது.

"பேசாம ஆம்பளைக்குப் போட்டுருவோம் டீச்சர். ஆதா, ஜாதான்னு. அதுக்கு உள்ள துணைக்கால் பெட்டி நெறையக் கெடக்கு" என்றார் அப்பா.

"நான் மீசை வச்சுக்கிட்டுப் பேசினது போதுங்க. என் பிள்ளைக பேச வேணாம்."

அடுத்த சனிக்கிழமை அவர் மதராஸுக்கு ரயில் ஏறினார். திங்கட்கிழமை வந்து, கைப்பையிலிருந்து ஒரு கனத்த பொட்டலத்தை எடுத்து என் மேஜையில் வைத்தார். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் ஈ.

சுப்பையா அண்ணன் விடவில்லை. "ஈ வேணும்னா அந்தா இருக்கு வெல்ல மண்டி. இதுக்குப் போயி மெட்ராஸுக்குப் போவாகளா?"

"அந்த ஈ பறந்துரும் சுப்பையா. இது கனம்" என்றார் டீச்சர்.

ஐந்து மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் புரூப் பார்க்க வந்தார். உங்களுக்கு அவர் கண்டிப்பான டீச்சர். எனக்கு அவர், பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு குனிந்திருக்கும் ஒரு நெற்றி. ஒரு நாள் அப்பா, "ஹிந்தி படிச்சா பெரிய ஆளாயிரலாங்கிறாகளே?" என்று சீண்டினார். டீச்சர் நிமிராமலே சொன்னார்: "ஒரு பாஷை கூடத் தெரிஞ்சா ஒரு பஸ் கூட ஏறலாம். அம்புட்டுத்தான். அதுல பெருமையும் கெடையாது, கேவலமும் கெடையாது."

தை மாதம் ஹிந்தித் திணிப்பை எதிர்த்து ஊர் கொதித்தது. அந்தக் கோபம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். டீச்சரே சொன்னதில்லை. "தொண்டையில திணிச்சா எனக்கும்தான் குமட்டும். நான் கேட்டு வந்தவுகளுக்குத்தானே சொல்லிக்கொடுத்தேன்?" என்றுதான் கேட்டார். அவர் வீட்டுச் சுவரில் தார் பூசியவர்கள் அதைக் கேட்க நிற்கவில்லை. பூசியவர்களில் ஒருவரின் அக்கா, டீச்சரிடம் படித்துப் பம்பாயில் வேலைக்குப் போனவர். அந்த அக்கா அனுப்பிய சட்டையைத்தான் தம்பி அன்று போட்டிருந்தார். தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் முற்பகலில் எங்கள் வாசலில் கூட்டம் நின்றது. "ஹிந்திப் புஸ்தகம் அடிக்கிறீங்களாமே?" என்று ஒருவர் கேட்டார். கேட்டதோடு சரி. எரி என்றோ, கொடு என்றோ அவர்கள் யாரும் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கு நன்றாகத் தெரியும். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அது அந்தப் பொம்பளையோடது. நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எடுத்துட்டுப் போயி ரோட்டுல போடு."

நூற்றிருபது பக்கத்தில் தொண்ணூற்றாறு அச்சாகி, மடிக்காத தாள்களாக அடுக்கியிருந்தது. நான் ஐந்து நடையில் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். ஐந்தாவது நடையில் எதிர்க்கடைத் தட்டியின் கீழே டீச்சர் நிற்பதைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையில் இருந்ததையும் போட்டேன். யாரோ தீக்குச்சி கிழித்தார்கள். "நீ உள்ள போம்மா, புகை அடிக்குது" என்று ஒரு பையன் அக்கறையாகச் சொன்னான்.

அந்த வாரமே அப்பா ஹிந்தி எழுத்துகளைப் பழைய ஈயக்காரருக்கு எடைக்குப் போட்டார். டீச்சரின் பொட்டலமும் அதில் போனது. உருக்கி மீன்வலைக்குக் குண்டு வார்க்கக் கோட்டைப்பட்டினத்துக்குப் போகிறது என்றார் ஈயக்காரர். அப்படியானால் அந்த ஈகள் இப்போது கடலுக்கடியில் இழுபட்டுக்கொண்டிருக்கும்.

புத்தகத்தை மறுபடி அடிக்க எந்த அச்சாபீஸும் முன்வரவில்லை. போன வருஷம், அறுபத்தெட்டில், பள்ளிக்கூடங்களில் ஹிந்தி வகுப்பே இல்லையென்று ஆனதும் அவருக்குத் தையல் வகுப்பைக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவரைக் கூப்பிட்டு, "ஒங்களுக்குத் தையல் வரும்ல?" என்று கேட்டார்களாம். பதினைந்து வருஷம் இலக்கணம் சொன்னவர் காஜா எடுக்கச் சொல்லிக்கொடுத்தார். அப்போது உங்களில் எத்தனை பேர் அவர் வீட்டுப் பக்கம் போனீர்கள்? எத்தனை பேர் ஒரு கடிதம் போட்டீர்கள்? நானும் போகவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தேன்.

நாலு மாதத்துக்கு முன்பு தையல் கண்காட்சிக்குச் சீட்டு அடிக்க அவர் வந்தார். அப்பா சாப்பிடப் போயிருந்தார். டீச்சர் மிகவும் மெலிந்திருந்தார். தாளைக் கொடுத்துவிட்டு, ஹிந்திப் பெட்டிகள் இருந்த மூலையை ஒருமுறை பார்த்தார். அத்தனை வருஷத்தில் நானாக அவரிடம் பேசியது அன்று மட்டும்தான்.

"டீச்சர், அன்னைக்கு... அப்பா சொன்னாங்க. அதான்..."

"அப்பா சொன்னாரு, தெரியும். நீ என்ன சொன்ன?"

கோபம் இல்லை. கணக்குக்கு விடை கேட்பது போலக் கேட்டார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அவசரப்படாமல் காத்திருந்தார். பிறகு, "சரி, வாரேன்" என்று படியிறங்கினார். சீட்டு வாங்கிப்போக மறுநாள் பியூன் வந்தார்.

நினைவாக வைத்துக்கொள்ள அவர் கையெழுத்து எதுவும் என்னிடம் இல்லை. ஐந்து நடையில் ஒரு தாளை நான் பாவாடை மடிப்பில் செருகியிருக்கலாம். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதையும் நான் செய்யவில்லை. என்னிடம் இருப்பது அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான். அதை யாராலும் கேட்டு வாங்கிப் போகவும் முடியாது, எரிக்கவும் முடியாது. விடை அன்றைக்கே எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதுகிறேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை, டீச்சர்.