பூட்டிய கடைக்கு வந்த கீரை

என் கணவருக்குக் கடை நடத்தத் தெரியும். நேரம் பார்க்காமல் நடத்தத்தான் தெரியாது. மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் அந்தச் சின்னக் கடையை எடுத்த கோடையில் எங்கள் அகதி வழக்கே முடிந்திருக்கவில்லை. அரிசியும் பருப்பும் எல்லாக் கடையிலும் கிடைத்தன. எங்களைத் தூக்கிவிடக்கூடியது ஒரு கொங்கோப் பெண்ணின் கீரை ஒன்றுதான். நகருக்கு வெளியே துண்டு நிலம் எடுத்துத் தன் ஊர்க் கீரையைப் பயிரிட்டிருந்தார். பார்த்தால் நம் முளைக்கீரையேதான். அதற்காக ஆப்பிரிக்கப் பெண்கள் மெட்ரோ ஏறி வருவார்கள். முதல் வெட்டு வாடாமல் விற்றுப்போனால் கோடை முழுவதும் எங்களுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார்.

கழுவக் கூடாது, பொலித்தீனில் கட்டக் கூடாது, வெயில் ஏறுமுன் விற்றுவிட வேண்டும் என்று பிரெஞ்சில் அவர் படித்துப் படித்துச் சொன்னது, பிரெஞ்சு அரைகுறையான எனக்கே விளங்கியது.

வெள்ளிக்கிழமை பத்தரை தாண்டி கீரையோடு அவருடைய வான் வண்டி வந்து நின்றது. கணவர் கடைக் கதவை மறித்துக்கொண்டார்.

“பொறும். ராகுகாலம் துவங்கிட்டுது. முதல் வியாபாரம் இதிலயோ?”

“பன்னிரண்டுக்கு முடியும்தானே?”

“இஞ்ச சமர் டைம், மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வச்சிருக்கு. ஒரு மணிக்குத்தான் முடியும்.”

“அப்ப துவங்கிறதும் பதினொண்டரைக்கெல்லோ? இப்ப திறவுங்கோவன்!”

“ஊர்க் கணக்கில இப்பவே துவங்கிட்டுது. ரண்டையும் பாக்கிறதுதான் நல்லது.”

துவக்கத்துக்கு யாழ்ப்பாண நேரம், முடிவுக்கு மொன்றியல் நேரம்! ராகுவே அவ்வளவு நேரம் வேலை செய்திருக்க மாட்டார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து நிற்கிறது, இவர் மணிக்கூடு பார்க்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைப் பூட்டின் திறப்போ அவருடைய சட்டைப்பையில்.

பைகளோடு பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். வானுக்குள் கீரை தலை சாயத் தொடங்கியது. ஏன் பூட்டியிருக்கிறது என்று கொங்கோப் பெண் கேட்டார். ராகுவைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? கெட்ட நேரம் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கீரையைப் பார்த்தார். பிறகு நடைபாதையில் ஒரு துணியை விரித்துக் கட்டுகளை அடுக்கிக் குரல் கொடுத்தார். மதியத்துக்குள் ஒரு தண்டுகூட மிஞ்சவில்லை. துணியை உதறி மடித்தவர், இனிக் கடை தேவையில்லை, அடுத்த கிழமையும் இங்கேயே வந்து தானே விற்பேன் என்றார். மெர்சி என்று நன்றி சொல்லிப் போயும் விட்டார். எனக்கு அழுகை வந்தது.

சரியாக ஒரு மணிக்குக் கணவர் கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்தினார். வெறும் நடைபாதையை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“பாத்தீரே? ராகுகாலத்தில வந்த சாமான், எங்கட கையில நிக்கேல்லை.”