யாருக்கும் ஆகாத ஜெலி

மருமகள் வாங்கி வந்த ஜெலி பெக்கட்டின் மூலையில் ஹலால் முத்திரை இருந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன மாமி?" என்றாள். என்னத்தைச் சொல்ல? சுலைஹாவை அவளுக்குத் தெரியாதே. உங்களுக்காவது சொல்கிறேன்.

அப்போது கந்தப்பளையில் நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட டீச்சர். கடைவீதியில் சுலைஹா வீட்டுக்கு அடுத்த அறையில் இருந்தேன். கல்யாணமாகி அவளுக்கு அது முதல் நோன்புப் பெருநாள். கண்டியிலிருந்து மாமியார் வருகிறார். அவர் கைப்பக்குவம் ஊரறிந்தது. இவள் வடித்தால் சோறே குழையும். (நான் மட்டும் என்னவாம், என் ரொட்டியை எறிந்தால் மண்டை உடையும்.) தோட்டத்துத் துரை சீமைக்குப் போனபோது விட்டுப்போன ஜெலட்டின் டின்னைப் பங்களா சமையல்காரர் மரியான் அவளுக்குக் கொடுத்திருந்தார். அதில் ரோஸ் எசன்ஸ் விட்டு ஜெலி காய்ச்சி ஜன்னலோரம் வைத்தோம். கந்தப்பளைக் குளிருக்கு ஐஸ் எதற்கு? விடிந்து பார்த்தால், அடடா, என்ன தளதளப்பு!

காலையில் கடைவீதிக்குப் பீடி வாங்க வந்த மரியானுக்குப் பெருமையாகக் காட்டினாள்.

"இது எதுல செய்றதுண்ணே?" சும்மாதான் கேட்டேன்.

"எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கிறதுங்க, டீச்சர்."

"எதோட எலும்பு?"

"மாடோ பன்னியோ, யாரு கண்டா?"

சுலைஹா முகம் செத்துப்போயிற்று. பன்றியென்றால் அவளுக்கு ஹராம். மாடென்றாலும் முறைப்படி அறுத்ததோ என்னவோ. அட, மாடென்றால் எனக்கும் ஆகாதே!

"பேசாம இருந்தா மாமிக்குத் தெரியவா போகுது?" என்றேன்.

"அல்லாஹ்வுக்குத் தெரியுமே, டீச்சர்." தேம்பித் தேம்பி அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது.

நானுஓயாவில் ரயிலிறங்கி, பஸ் பிடித்து வந்த மாமியார் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே சுலைஹா எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டிவிட்டாள். அவர் ஜெலியைப் பார்த்தார், வீங்கிய கண்களைப் பார்த்தார்.

"மறைக்காமச் சொன்னீங்களே மகள், அது போதும். சந்தேகமானத விட்டுருவோம்." பையிலிருந்து கடற்பாசியை எடுத்து ஊறப்போட்டார். "இதுலயும் ஜெலி காய்ச்சலாம், இது கடல்ல வெளையுறது. டீச்சரும் தின்னலாம்."

பெருநாளன்று மூவரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துத் தின்றோம். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம்! அதன்பின் புதிதாக எது வாங்கினாலும் சுலைஹா என் கதவைத் தட்டுவாள். "இதுல என்ன இரிக்கு டீச்சர்? நீங்க தின்னுவீங்களா?" தீபாவளி வந்தால் பலகாரத் தட்டோடு நான் அவள் கதவைத் தட்டுவேன்.

அவர்கள் கண்டிக்கே போய் எவ்வளவோ காலமாயிற்று. இப்போது எல்லாம் பெக்கட்டிலேயே அச்சடித்திருக்கிறது. ஒருவரையொருவர் கேட்க வேண்டியதில்லை. என் கதவையும் யாரும் தட்டுவதில்லை.