எரியாத கால்

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரையோரம் பவுனம்மாள் வீட்டுக் கொல்லை முழுக்க ஊசிமிளகாய்ச் செடிகள். குழம்புக்கு ஒன்று கிள்ள விடமாட்டாள். அத்தனையும் மருந்துக்கு. வேப்பெண்ணெய் விட்டு அரைத்துப் பற்றுப் போட்டால் மூட்டுவலி ஓடிப்போகும் என்று தெருவே நம்பியது. அளவெல்லாம் அவளுக்குத் தெரியாது. போட்டுக்கொண்டவர் "ஐயோ அம்மா" என்று அலற வேண்டும். அலறினால் மருந்து ஏறிவிட்டது என்று கழுவிவிடுவாள். அலறாவிட்டால் இன்னும் கொஞ்சம் அரைப்பாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் அவள் புருஷன் வீரமலைக்கு வலது பாதம் மரத்துப்போனது. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்குகிறவர். கால் போனால் பிழைப்பும் போயிற்று. டாக்டரிடம் காட்டச் சொன்னவர்கள் உண்டு. வீட்டிலேயே வைத்தியச்சி இருக்கும்போது மனுஷன் எங்கே போவார்?

"எரியுதாங்க?"

"ஒண்ணுமே தெரியலையே, புள்ள."

மருந்துக்கு வீரியம் போதவில்லை என்று நினைத்தாள் பாவி மகள். நன்றாகப் பழுத்ததாகப் பார்த்துப் பறித்து அரைத்தாள். அப்போதும் எரியவில்லை. துணியைச் சுற்றி நாள்கணக்கில் கட்டியே வைத்தாள். அவிழ்த்தபோது பாதமெல்லாம் கொப்புளம். உள்ளே இருக்கும் கெட்டது வெளியே வருகிறது என்று சந்தோஷப்பட்டு, அதன் மேலேயே மறுபடி அப்பினாள்.

நாற்றம் எடுத்த பிறகுதான் திருச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"சர்க்கரை வியாதிம்மா. காலுக்கு உணர்ச்சியே இல்ல, அப்புறம் எப்படி எரியும்? வெந்து அழுகிப்போச்சு. எடுத்தாகணும்" என்றார் டாக்டர்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பவுனம்மாள் வராந்தாவில் தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வீடு திரும்பியதும் செடிகளை வேரோடு பிடுங்கி ஆற்றில் வீசினாள். வீரமலை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கேட்டவர்களிடமெல்லாம் மூட்டை விழுந்து நசுங்கிவிட்டது என்றே சொன்னார்.

அடுத்த ஆடியில் ஒருநாள் அவளைக் கூப்பிட்டார்.

"புள்ள, இந்தக் காலும் மரத்துப் போவுது."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம், எந்திரிங்க."

"அங்க போனா இதையும் வெட்டிருவாங்க. நான் வரலை. உன் கை ராசியான கை. கடையில மிளகா வாங்கியாந்து நீயே அரைச்சுப் போடு."

கெஞ்சினாள், காலில் விழுந்தாள். அவர் அசையவில்லை. இருந்த ஒற்றைக் காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். அவள் நகம் பதிய அந்தப் பாதத்தைக் கிள்ளினாள். அது தெரியாமல் அவர், "என்ன யோசனை? போய் அரைச்சுட்டு வா" என்றார்.